எழுந்து நிற்கவே தெம்பில்லாத நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது

ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டு விடிந்த காலையில், அல்லது காய்ச்சல் உடம்பை அடித்துப் போட்ட நாளில், வீட்டில் வேறு பெரியவர் யாரும் இல்லாமல் ஒரு குழந்தையோடு பொழுதை ஓட்டுவது எப்படி என்று யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. தேடினால் கிடைக்கிற யோசனைகளில் முக்கால்வாசி தெம்பாக இருப்பவர்களுக்காக எழுதியவை. வண்ணத்தாளை வெட்டு, பசையைக் குழை, காலி அட்டைப்பெட்டியில் கோட்டை கட்டு என்று சொல்லும். ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து தயார் செய்து வைத்தால், குழந்தை ஐந்து நிமிஷம் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். தரையெல்லாம் பசை, இடுப்பெல்லாம் வலி, இவ்வளவு செய்தும் உட்காரமாட்டேன் என்கிறதே என்ற எரிச்சல், இவ்வளவுதான் மிஞ்சும். அந்த எரிச்சல் குழந்தை மேல் திரும்பும். திரும்பின பிறகு வருகிற குற்ற உணர்ச்சி சோர்வைவிடப் பெரிய பாரம். அந்த ஒரு மணி நேரம் படுத்திருந்தாலாவது உடம்புக்கு ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட நாளுக்கு மூன்று காரியம் போதும். குழந்தைக்கு அடிபடக் கூடாது. அதன் வயிறு காயக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் நாம் இருக்க வேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகுதான். சின்னப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்திக் காட்ட ஆள் தேவையில்லை. பக்கத்தில் ஓர் உடம்பு இருந்து, கூப்பிட்டால் பதில் வந்தால் பெரும்பாலான நேரம் அதுவே அவர்களுக்குப் போதும். தரையில் படுத்துக் கிடக்கிற அம்மாவோ அப்பாவோ, சமையலறைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறவரைவிட நல்ல துணை. ஓடுகிறவர் பின்னால் குழந்தையும் ஓடும். படுத்திருப்பவரைச் சுற்றி அது தானாக ஒரு விளையாட்டை அமைத்துக்கொள்ளும்.

சோர்வை மனதைத் திடப்படுத்தித் தாண்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும் சேர்ந்து இயங்குகிற திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. ராத்திரி மூன்று முறை எழுந்தவர் பகல் பதினோரு மணிக்கு எப்படி இருப்பார் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம். அதனால் அன்றைக்குச் சில வேலைகளையே எடுக்கக் கூடாது. கார், ஸ்கூட்டர் ஓட்டுவது அதில் முதல். அடுத்தது, குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து விளையாட விடுவது. குளியல் குழந்தையை அமைதிப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் 5 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழந்தை மூழ்கிவிடலாம், சத்தமும் கேட்காது. கண் சொருகுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பயனில்லை. பாதி நிரம்பிய வாளிகளைக் காலையிலேயே கவிழ்த்து வைத்துவிடுங்கள். கைக்குழந்தை என்றால் இன்னொன்று: சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண் அயர்ந்துவிடக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மிக ஆபத்தான தூக்க இடங்களில் சோபா ஒன்று. மெத்தைக்கும் நம் உடம்புக்கும் நடுவில் முகம் புதைந்து மூச்சு முட்டிவிடும். தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் முதலில் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அது அழுதாலும் பரவாயில்லை.

அடுத்தது அறை. வீடு முழுக்கக் கண்காணிக்கத் தெம்பில்லை என்றால் வீட்டைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் "வேண்டாம்", "தொடாதே" என்று சொல்ல வேண்டிய எதுவும் இல்லாதபடி ஆக்கிவிட்டால், அன்றைக்கு நம் தொண்டையும் பிழைக்கும், குழந்தையும் சிணுங்காது. இந்த அறையைத் தெம்பு இருக்கிற நாளில் தயார் செய்து வையுங்கள். தரையில் முட்டிபோட்டு, குழந்தையின் கண் உயரத்தில் ஒரு சுற்று தவழ்ந்து பாருங்கள்; நின்று பார்த்தால் தெரியாத ஆபத்தெல்லாம் அப்போதுதான் தெரியும். இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். குழந்தை கீழ் இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறும்போது அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். திரைச்சீலைக் கயிற்றை உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள். ப்ளக் துளைகளை மூடுங்கள். ஜன்னலுக்குக் கீழே ஏறி நிற்கிற மாதிரி எதுவும் இருக்க வேண்டாம். ரிமோட், வாழ்த்து அட்டை, எடை பார்க்கும் கருவி எதிலாவது பட்டன் பேட்டரி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். காந்த உருண்டைகளும் தண்ணீரில் ஊறிப் பெருக்கிற ஜெல் மணிகளும் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கே வேண்டாம்.

மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு எது சின்னது, எது பெரியது என்று அலுத்துப்போன மூளையை வைத்து முடிவு செய்வது சிரமம். கழிப்பறைக் காகித உருளையின் நடுவில் இருக்கிற அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுசாக நுழைகிற எதுவும் தொண்டைக்குள்ளும் நுழையும் என்று வைத்து, அதை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பலூனை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம், நேராகவே வெளியே. வெடித்த பலூன் துண்டு மூச்சுக்குழாய் வாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கஷ்டம். அறை தயாரானதும் தடுப்புக் கதவு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கதவைச் சாத்தி, அதன் குறுக்கே பாயை விரித்து, முதுகு கதவில் படும்படி படுத்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறிக் கண் மூடினாலும் குழந்தை நம்மேல் ஏறாமல் வெளியே போக முடியாது, ஏறினால் விழிப்பு வந்துவிடும். தண்ணீர் பாட்டில், ஈரத்துணி, டயப்பர், ஒரு மாற்று உடுப்பு, போன், சார்ஜர் எல்லாம் படுத்தபடியே கை நீட்டினால் எட்ட வேண்டும். ஒவ்வொரு முறை எழுந்திருப்பதும் கையில் இருக்கிற கொஞ்சம் தெம்பைத்தான் தின்னும்.

காலையில் குழந்தை எழுந்ததும் நம் கை தானாகப் போனுக்கும் காபிக்கும் போகும். அந்த முதல் பதினைந்து நிமிஷத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். போன் வேறு அறையில். குழந்தை எதைக் கொண்டுவருகிறதோ அதைப் பார்த்து, மடியில் வைத்து, அது சொல்கிறதைக் கேட்டால் போதும்; புதிதாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். தெம்பில்லாத நேரத்தில் இதையும் கொடுப்பதா என்று மனம் அடம் பிடிக்கும். ஆனால் பாதிக் கவனத்தோடு ஒரு மணி நேரம் "ம்ம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மணி நேரம் முழுக்கக் குழந்தை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருக்கும். முதலில் முழுசாகக் கொடுத்துவிட்டு, "இப்போ அம்மா படுக்கப்போறேன், நீ இங்கேயே விளையாடு, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னால், மூன்று நான்கு வயதுப் பிள்ளையிடமிருந்து இருபது நிமிஷம் கிடைப்பது சாதாரணம். குழந்தை தானாக ஒன்றில் மூழ்கிவிட்டால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். "அட, அழகாக் கட்டியிருக்கியே" என்று ஆசையாகச் சொல்கிற ஒரு வார்த்தை போதும், கட்டுவதை விட்டுவிட்டு ஓடிவந்துவிடும்.

இனி படுத்துக்கொண்டே விளையாடுகிற விளையாட்டுகள். இவைதான் உண்மையில் கைகொடுப்பவை. எல்லாவற்றிலும் சிறந்தது டாக்டர் விளையாட்டு. ஆனால் வெறும் டாக்டர் விளையாட்டு ஐந்து நிமிஷத்தில் சலித்துவிடும். நீள்வது கட்டுப்போடும்போதுதான். மருந்துக் கடையில் கிடைக்கிற கிரேப் பேண்டேஜ் சுருள் மூன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். முழங்காலில் ஆரம்பித்துப் பாதம் வரை சுற்றி, நழுவி, மறுபடி சுற்றி, அவிழ்த்து, தரையில் உருட்டிச் சுருட்டி என்று சின்னக் கைகளுக்கு ஒரு சுருளே பத்து நிமிஷ வேலை. கழுத்தில் மட்டும் சுற்றக் கூடாது என்று முதலிலேயே விதி போட்டுவிடுங்கள், விளையாட்டு முடிந்ததும் சுருள்களை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். இந்த விளையாட்டு கெடுவது ஒரே காரணத்தால்: நோயாளி முழுசாகக் கண்ணை மூடி மௌனமாகிவிட்டால் டாக்டருக்குப் பயம் வரும், இமையைப் பிடித்து இழுக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டாலும் நிமிஷத்துக்கு ஒரு முறை முனகுங்கள். "இந்தக் கால் சரியாயிடுச்சு டாக்டர், ஆனா சுண்டுவிரல் இன்னும் வலிக்குது" என்றால் இன்னொரு பத்து நிமிஷம் ஓடும். ஒவ்வொரு முனகலிலும் உடம்பில் ஒரு புது இடத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை.

அடுத்தது முதுகுச் சாலை. பழைய டிசர்ட் ஒன்றின் முதுகுப் பக்கத்தில் மார்க்கரால் சாலை, வளைவு, பாலம், பெட்ரோல் பங்க், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் வரைந்து வையுங்கள். மை துணியைத் தாண்டித் தோலில் இறங்காமல் இருக்க, வரையும்போது உள்ளே ஓர் அட்டையைச் செருகுங்கள். சோர்ந்த நாளில் அதைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தால் குழந்தை சின்ன வண்டிகளை ஓட்டிக்கொண்டே இருக்கும், நம் முதுகுக்கும் பிடித்துவிட்ட சுகம் கிடைக்கும். சாலை ஒரே வட்டமாக இருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும். பிரிந்து போகிற கிளைகளும் எங்கேயாவது போய்ச் சேர்கிற இடங்களும் இருந்தால்தான் குழந்தை கதை கட்டும். சக்கரத்தில் முடி சிக்கும், அதனால் நீளமுடி இருந்தால் கொண்டை போட்டுவிடுங்கள். இதே மாதிரி விரலால் முதுகில் ஒரு படமோ எழுத்தோ வரைய, நாம் கண்டுபிடிப்பது இன்னொன்று. ஐந்து வயதுக்கு மேல் எழுத்துப் பழகுகிற பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

"கொண்டு வா" விளையாட்டுக்குப் பொருளே வேண்டாம். படுத்தபடி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "நீலமா ஒண்ணு கொண்டு வா", "உருளுற மாதிரி ஒண்ணு", "உன் உள்ளங்கையைவிடச் சின்னதா ஒண்ணு", "சத்தம் போடாத ஒண்ணு". கேள்வி கொஞ்சம் யோசிக்க வைக்கிற அளவில் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பொருள் சேர்ந்ததும், எதை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கச் சொல்வது விளையாட்டின் இரண்டாம் பாதி. அறையும் ஒதுங்கிவிடும். ஓடி ஓடிக் குழந்தைக்கு உடம்பும் அசந்துவிடும். இது நமக்குத்தான் நல்லது.

ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை இருக்கிற குழந்தைக்கு இதெல்லாம் ஒத்துவராது. அதற்கு வேண்டியது ஒன்றில் போடுவது, கொட்டுவது, மறுபடி போடுவது. பிளாஸ்டிக் கிண்ணங்களும் அதற்கான மூடிகளும் நிறைந்த ஒரு கூடை, அதோடு நாலைந்து துணித்துண்டுகளைத் திணித்து வைத்த ஒரு காலிக் காகித டப்பா. மேலே ஒரு துளை இருந்தால் துணியை உருவி எடுப்பதே பெரிய வேலை. தள்ளிக்கொண்டு போக ஒரு துணிக்கூடை. நாம் பக்கத்தில் படுத்து, காலியானதும் துணியைத் திரும்பத் திணித்துக் கொடுத்தால் போதும். தானியத்தையும் பயறையும் தட்டில் கொட்டி அளைய விடுகிற யோசனை பல இடங்களில் வரும். மூன்று வயதுக்குள் வேண்டவே வேண்டாம். மூக்கிலோ காதிலோ போன பயறு ஈரத்தில் ஊதிக்கொள்ளும். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து அதன் மேல் கொடுங்கள், முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிக் கொட்டிவிடலாம்.

கையால் செய்கிற எதையும் எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். தயார் செய்கிற நேரத்தையும் சுத்தம் செய்கிற நேரத்தையும் கூட்டினால், குழந்தை விளையாடுகிற நேரத்தைவிடக் குறைவாக இருக்கிறதா? இல்லையென்றால் அது நல்ல நாளுக்கு உரியது. வாட்டர் கலர், மினுமினுப்புத் தூள், பசை எல்லாம் இந்தக் கணக்கில் தோற்கும். ஜெயிப்பது மாஸ்கிங் டேப். தரையில் தண்டவாளமாகவோ கட்டங்களாகவோ ஒட்ட மூன்று நிமிஷம், பிய்க்கிற வேலையைக் குழந்தையே ஆசையாகச் செய்யும். அன்றைக்கே பிய்த்துவிடுங்கள், நாள்கணக்கில் விட்டால் பசை தரையில் தங்கிவிடும். பெரிய அட்டைப்பெட்டி வந்தால் தூக்கி எறியாதீர்கள். அதிலிருக்கிற பின்களை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, வாசலும் ஜன்னலும் மட்டும் வெட்டிக் கொடுங்கள், மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

விளையாட்டு மாவு இதில் தனி ரகம். நல்ல நாளில் செய்து வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். சோர்ந்த நாளில் டப்பாவைத் திறந்து கொடுத்தால் போதும். கொதிநீர் சேர்வதால் தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். 2 கப் மைதா, 1 கப் பொடியுப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வேண்டுமென்றால் சமையல் வண்ணம் சில துளி. எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கலந்து, சுமார் ஒன்றரைக் கப் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மரக்கரண்டியால் கிளறுங்கள். முதலில் கூழாகக் கையில் ஒட்டும். பயந்துபோய் மாவை அள்ளிக் கொட்டினால் ஆறியதும் கல்லாகிவிடும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டுப் பிசைந்து பாருங்கள். அப்போதும் ஒட்டினால் ஒரு கரண்டி மைதா. உதிர்ந்தால் கையை நனைத்துக்கொண்டு பிசைந்தால் போதும். கல்லுப்பு போட்டால் கரையாமல் நறநறவென்றிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மாவின் மேல் வேர்த்த மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். இதில் உப்பு மிக அதிகம். எதையும் வாயில் வைக்கிற வயதில் கொடுக்கக் கூடாது, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது.

பொம்மைகள் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நாலு மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். அதனால் வீட்டில் இருக்கிற பொம்மைகளை மூன்று நாலு பைகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்றதெல்லாம் பரணில். வாரத்துக்கு ஒரு முறை மாற்றினால் பழையதே புதியதாகிவிடும். அதில் ஒரு பையைச் சோர்வு நாளுக்கென்றே ஒதுக்குங்கள்: பேண்டேஜ் சுருள், சாலை டிசர்ட், மாஸ்கிங் டேப், மாவு டப்பா, ஸ்டிக்கர் தாள்கள், டார்ச் ஒன்று. பேட்டரி மூடியில் திருகாணி உள்ள டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பையை நல்ல நாளில் குழந்தை கெஞ்சினாலும் எடுக்கக் கூடாது. அதன் மதிப்பே அது அரிதாக வெளியே வருவதில்தான் இருக்கிறது.

மதியம் குழந்தை தூங்கினால் நாமும் உடனே படுத்துவிட வேண்டும். பாத்திரத்தை முதலில் கழுவிவிடலாம் என்று போனால், கடைசித் தட்டைக் கவிழ்க்கும்போது குழந்தை எழுந்துவிடும். 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கி எழுந்தால் தெளிவாக இருக்கும். முக்கால் மணி நேரம் தூங்கி ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்தால் தலை கனத்து முன்பைவிட மோசமாகத் தோன்றும். மதியத் தூக்கத்தை விட்டுவிட்ட பிள்ளை என்றால் அமைதி நேரம் பழக்கலாம், ஆனால் சோர்ந்த நாளில் முதல்முறையாக ஆரம்பித்தால் நடக்காது. நல்ல நாள்களில் 10 நிமிஷத்தில் ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை 5 நிமிஷம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்றால் மூன்று வயதுக்கு ஒன்றும் புரியாது. மணல் கடிகாரமோ நிறம் குறைந்துகொண்டே வருகிற டைமரோ கண்முன் இருந்தால் புரியும். இடையில் எழுந்து வந்தால் திட்டாமல், பேச்சையும் வளர்க்காமல், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு டைமரைக் காட்டுங்கள். இந்த நேரத்துக்குக் கதை கேட்கிற ஒலிப்பதிவு மிகப் பொருத்தம். காது கதையில் இருக்கும், கை கட்டைகளை அடுக்கும், நம் கண்ணுக்கும் ஓய்வு.

திரையைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமான நாளுக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு தனியாக இருக்கிற ஒரு நாளில் அளவு தாண்டிவிட்டால் அதற்காக அழ வேண்டாம் என்பது என் கருத்து. கத்திக் கூச்சலிட்டு, தலை சுற்றி விழுவதைவிட அது பரவாயில்லை. ஆனால் அந்த நேரத்தைக் காலையிலேயே செலவழித்துவிடாதீர்கள். நமக்கு உண்மையில் முடியாமல் போகிற ஒரு மணி நேரம் எது என்று பார்த்து, அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக் குட்டி வீடியோக்களாக இல்லாமல், மெதுவாக நகர்கிற, ஆரம்பமும் முடிவும் உள்ள ஒன்றை முன்பே டவுன்லோட் செய்து வையுங்கள். தானாக அடுத்தது ஓடுகிற வசதியை நிறுத்திவிடுங்கள். போனை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கிற வசதியை (ஐபோனில் கைடட் அக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங்) போட்டுவிட்டால் குழந்தை அதிலிருந்து வேறு எங்கேயும் போக முடியாது. முடிகிற நேரத்தில் எட்டி வந்து பிடுங்கினால் ரகளைதான். கடைசி இரண்டு நிமிஷம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்தப் பூனை எங்கே போகுது?" என்று கேட்டு, குழந்தை நம்மோடு பேச ஆரம்பித்த பிறகு, அதன் விரலாலேயே அணைக்கச் சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரத்துக்கு முந்தின ஒரு மணி நேரம் மட்டும் வேண்டாம், ராத்திரித் தூக்கம் தள்ளிப்போனால் நாளைக்கும் இதே கதைதான்.

சாயங்காலம்தான் எல்லாம் ஒன்றாக வெடிக்கிற நேரம். குழந்தை சிணுங்க ஆரம்பித்ததும் புது விளையாட்டைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கொடுத்துப் பாருங்கள். பாதி நேரம் அது பசிதான். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாக்கினாலும் தப்பில்லை, அன்றைக்குச் சமைக்காமல் இருப்பதைக் கொடுத்தாலும் தப்பில்லை. பிறகு கதவைத் திறந்து பத்து நிமிஷம் வெளிக்காற்றில் உட்காருங்கள். வாசற்படியில் குழந்தை கல் பொறுக்கிக்கொண்டு நம் காலடியில் இருந்தால் போதும். அறைக்குள் மூன்று மணி நேரம் அடங்காத அழுகை, வெளியே போனதும் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் சிக்கல் பொருள்களில் வரும். பெரியதன் சின்னச் சின்னக் கட்டைகள் சின்னதின் வாய்க்குள் போகும். சின்னது பெரியதன் கோபுரத்தைத் தள்ளிவிடும். எல்லாரும் சின்னதைத் தடுப்புக்குள் வைப்பார்கள். மாற்றிச் செய்து பாருங்கள். பெரியது தன் கட்டைகளோடு தடுப்புக்கு உள்ளே, சின்னது வெளியே நம்மோடு. பெரியதுக்கு யாரும் கலைக்காத ஒரு சொந்த இடம் கிடைத்த சந்தோஷம், நமக்கு ஒரு கவலை குறைவு. சின்னது தூங்குகிற நேரம் பெரியதோடு கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள். நாள் முழுக்க "பெரிய பிள்ளைதானே" என்று கேட்டுக் கேட்டு அதற்கும் அலுத்திருக்கும்.

கோபம் வரும். குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடலாமா என்கிற அளவுக்கு வரும். இதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கைக்குழந்தையின் அழுகை இரண்டாம் மாதத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகிறது, நாமும் அப்போதுதான் மிகக் களைத்திருப்போம். ஒரு நொடி உலுக்கினாலும் மூளையிலும் கண்ணிலும் ரத்தம் கசியலாம். கை இறுகுவதை உணர்ந்த அந்தக் கணமே குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போங்கள். ஐந்து பத்து நிமிஷம். முகத்தைக் கழுவுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். தொட்டிலில் பத்து நிமிஷம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

தூங்க வைக்கிறதென்று குழந்தைக்குச் சளி மருந்தோ அலர்ஜி மருந்தோ கொடுக்கவே கூடாது. மூச்சைப் பாதிக்கலாம், சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பையும் உண்டாக்கும். நாம் சாப்பிடுகிற சளி மாத்திரையும் தூக்கம் வரவழைக்கிற வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் குழந்தையோடு இருக்கும்போது தூக்கம் வராத வகையாகத் தரச் சொல்லி மருந்துக் கடையில் கேட்கலாம். உதவி கேட்கும்போது "ரொம்ப முடியலை" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் "உடம்பைப் பார்த்துக்கோ" என்று போனை வைத்துவிடுவார். "நாலு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் குழந்தையை வெளியே கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு ஆமாம் என்று சொல்வது சுலபமாகும்.

குழந்தை தூங்கின பிறகு வீட்டைப் பார்த்தால் மனம் பதறும். தரையில் கிடக்கிற சின்னப் பொருள்களையும், ராத்திரி எழுந்து நடக்கும்போது காலில் குத்துகிறவற்றையும் மட்டும் பொறுக்குங்கள். மீதியை அப்படியே விட்டுவிட்டுப் படுங்கள்.

நல்ல தூக்கம் கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் அதைப் பிள்ளை வளர்க்கிற களைப்பு என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் போங்கள். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. பிரசவமான முதல் ஒரு வருஷத்துக்குள் தைராய்டு சுரப்பியில் அழற்சி ஏற்பட்டுச் சோர்வு வருவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாள் மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்பாக்களுக்கும் இது வரும். போகும் முன் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குறட்டை உண்டா, என்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும்.